செருப்பில்லாமல் குமரி: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள், செவ்வாய்: வடசேரி

நாகர்கோவிலில் ரயிலை விட்டு இறங்கியதும் நடைமேடை ஓரமாக உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஐந்து நாளும் இந்த மாவட்டத்தில் வெறுங்காலோடு சுற்றுவது என்பது திருச்சியிலேயே எடுத்த முடிவு. சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் முன்சிறையில் சிவாலய ஓட்டம் புறப்படும், பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு வெறுங்காலோடு ஓடிப் போகிற வேண்டுதல். அதுவரை இருந்து, ஓடுகிறவர்களோடு கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் எனக்குக் குதிகால் வலி வந்தது. பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, மண் தரையில் தினமும் பத்து நிமிடம் வெறுங்காலோடு நடப்பது. வலி போய்விட்டது, நடையை விட முடியவில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்பு, 33 மூட்டு. நாற்பத்தாறு வயது வரை அவை எதை மிதிக்கின்றன என்றே தெரியாமல் நடந்திருக்கிறேன். காலையில் பனி ஏறின புல், முந்தின நாள் வெயிலை இன்னும் விடாத சிமென்ட், மழை பெய்து இரண்டு நாள் ஆன களிமண் எல்லாம் வேறு வேறு என்று இப்போதுதான் தெரிகிறது.

கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கழிப்பறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று பையில் ஒரு ரப்பர் செருப்பு உண்டு. மலம் கழிக்கிற ஈர மண் பக்கமும் வெறுங்காலோடு போவதில்லை. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் அந்த மண்ணில் இருந்து பாதத்துத் தோலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் ஏறும், குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும். டெட்டனஸ் தடுப்பூசி போன வருஷம் போட்டது. கொஞ்சம் பஞ்சு, டெட்டால், அப்புறம் அப்பத்தாவின் முள்வாங்கி. இரும்பில் அடித்தது, நுனி இன்னும் ஊசி மாதிரி இருக்கிறது. சாவிக்கொத்தோடு சேர்த்து இடுப்பில் செருகியிருப்பாள்.

சித்தி வீடு வடசேரியில், கனகமூலம் சந்தைக்குப் பின்னால். சந்தை வழியாகவே நடந்தேன். வாழைத் தண்டின் சாறு பட்ட இடம் காலில் பிசுபிசுத்தது, மீன் கழுவின தண்ணீர் ஓடிய இடம் வழுக்கியது. ஒரு ஆச்சி மட்டிப்பழச் சீப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே என் காலைப் பார்த்தாள். “செருப்பு அத்துப் போச்சா பிள்ளே?” என்றாள். இல்லை என்று சொன்னதற்கு, “நேர்ச்சையா?” என்றாள். அவளுக்குத் தெரிந்த காரணங்கள் இந்த இரண்டுதான் போலிருக்கிறது.

சித்தப்பா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்போடு, சர்க்கரை நோயாளிகளுக்கென்று செய்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு. சர்க்கரை வந்து பதினேழு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரை மாதத்து உச்சி வேளையில் ஒரு கோயில் பிரகாரத்தை மூன்று சுற்று வந்திருக்கிறார். கூட வந்தவர்கள் எல்லாம் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறார்கள், இவர் நிதானமாக நடந்திருக்கிறார். ராத்திரி சித்திதான் பார்த்தாள், இரண்டு உள்ளங்காலும் கொப்பளம். ஆறுவதற்கு நாலு மாதம் ஆனது. அதற்குள் இடது கால் சுண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது.

“எனக்குச் சுட்டதே தெரியல்ல மக்கா” என்றார்.

ஐந்து நாளைக்கு வெறுங்காலோடு நடக்கப் போகிறேன் என்று இவரிடம் எப்படிச் சொல்வது என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். சொன்னதும் அவர் கோபப்படவில்லை. இளவயதில் பதினொரு தடவை சிவாலயம் ஓடின கால் அவருடையது. “சரி, நீ போய்ட்டு வா. ராத்திரி வந்து தரை எப்படி இருந்ததுண்ணு எனக்குச் சொல்லணும்” என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் சித்தி ஒரு கைக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு அவர் பாதத்தின் அடியைப் பார்த்தாள். விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்து, தொட்டுத் தொட்டு. பிறகு என் பக்கம் திரும்பி, “உன் காலையும் காட்டு” என்றாள்.

இரண்டாம் நாள், புதன்: தோவாளை, கன்னியாகுமரி

விடியும் முன்பே தோவாளை பூச்சந்தைக்குப் போய்விட்டேன். வில்வமும் அரளியும் குவியல் குவியலாக வந்து இறங்குகின்றன. கூடையில் இருந்து சிதறின பிச்சி, கேந்தி, கொழுந்து எல்லாம் தண்ணீர் தெளித்த தரையில் கிடந்தன. அதில்தான் எல்லோரும் நடக்கிறார்கள். பிச்சியின் காம்பு காலுக்கு மெல்லிய குச்சி மாதிரி தட்டுப்படும், கேந்தி இதழ் ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்து பார்த்தால் விரல்களுக்கு நடுவே மஞ்சள். அதைத் தட்டிவிட மனம் வராமல் அப்படியே பேருந்து ஏறினேன்.

கன்னியாகுமரியில் படகு ஏறிப் பாறைக்குப் போனேன். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறை. மண்டபம் எழும்பியது 1970இல். அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே அதன் பெயர் ஸ்ரீபாதப் பாறை. குமரி அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்த தடம் என்று பாதம் போன்ற ஒரு சுவட்டைக் காட்டுகிறார்கள். இங்கே எல்லோரும் செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை. பதினோரு மணிக்குக் கருங்கல் நன்றாகவே சுட்டது. சின்னப் பிள்ளைகள் அப்பாவின் பாதத்தின் மேல் ஏறி நின்றுகொண்டார்கள்.

அங்கிருந்து கண்ணாடிப் பாலம் வழியாக வள்ளுவர் சிலைக்கு. பாலம் 77 மீட்டர், 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. சிலை 133 அடி, அதில் பீடம் மட்டும் 38 அடி. அதிகாரங்களின் எண்ணிக்கை 133, அறத்துப்பாலுக்கு 38. உள்ளே படி ஏறிப்போனால் கடைசியில் சேர்வது வள்ளுவரின் பாதத்துக்கு. கணபதி ஸ்தபதி அந்த விரல்களுக்கு நகம் வைத்திருக்கிறார். அண்ணாந்து முகத்தைப் பார்க்கிறவர்களை விட அந்தக் கால் விரலில் கை வைத்து நிற்கிறவர்கள்தான் அதிகம். நானும் வைத்தேன், சூடாக இருந்தது.

மதியம் சாப்பிட ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனேன். வாசலில் இருந்த காவலாளி மெதுவாக, “செருப்பு இல்லாம உள்ள விட வேண்டாம்ணு சொல்லியிருக்கு சார்” என்றார். அப்படி எங்காவது எழுதிப் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. மேலாளர் வந்து, “மத்த கஸ்டமர் முகம் சுளிப்பாங்க” என்றார். பையில் இருந்த செருப்பை எடுத்துப் போட்டிருந்தால் அந்த நிமிடமே விட்டிருப்பார்கள். எனக்கு மனம் வரவில்லை. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கோயில் வாசலில் இதே ஆட்கள் செருப்போடு வருகிறவரைத் தடுப்பார்கள். அங்கே வெறுங்கால் மரியாதை, இங்கே அது வறுமையின் அடையாளம். காலில் இருக்கிற அழுக்கை விடச் செருப்பின் அடியில் இருக்கிற அழுக்கு குறைவு என்று யார் சொன்னது?

பக்கத்துச் சின்னக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் காலில் செருப்பு இல்லை.

ராத்திரி சித்தப்பாவிடம் தோவாளையில் இருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பூவை மிதித்ததைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

மூன்றாம் நாள், வியாழன்: சுசீந்திரம், சாமிதோப்பு

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையையும் கழற்ற வேண்டும். வெயிலில் இருந்து கல் மண்டபத்துக்குள் கால் வைத்த அந்த முதல் நொடிக்காகவே இன்னொரு முறை வரலாம். நூற்றாண்டுக் கணக்கில் பாதம் பட்டுப் பட்டு நடுவழியில் கல் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. ஓரத்தில் உளி கொத்தின சொரசொரப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கால் நடுவழிக்குத்தான் திரும்பி வருகிறது.

வெளியே வந்து தெருவைச் சுற்றினேன். இந்தத் தெருக்களில் நடப்பதற்காக ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. வைக்கம் சத்தியாகிரகம் முடிந்த மறுவருஷம், 1926இல், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க உரிமை கேட்டு சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. முன்னால் நின்றவர் நாகர்கோவில் டாக்டர் எம்.இ. நாயுடு. கோயிலுக்குள் போக உரிமை தந்த திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் அதற்கும் பத்து வருஷம் கழித்து, 1936 நவம்பர் 12இல்தான் வந்தது. நான் நிழல் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி நடந்த தெரு இது.

சாமிதோப்பில் முதலில் முத்திரிக் கிணற்றுக்குப் போனேன். ஒரே கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அய்யா வைகுண்டர் ஏற்படுத்தியது. அங்கே இருந்தவர் ஒரு வாளித் தண்ணீரை என் காலில் ஊற்றினார். பதிக்குள், அதாவது அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டு இடத்துக்குள், ஆண்கள் மேல்சட்டை இல்லாமல், தலையில் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளே சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது.

தலைப்பாகை ஏன் என்பதை வெளியே ஒரு சாயாக் கடையில் வைத்து ஒரு பாட்டா சொன்னார். எண்பதுக்கு மேல் இருக்கும். நான் வெறுங்காலோடு சுற்றுவதைக் கேட்டுவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எங்க பாட்டாக்க அப்பா காலத்துல தலையில துண்டு கட்டப்பிடாது, குடை பிடிக்கப்பிடாது, செருப்பு போடப்பிடாது. பொம்பளையளுக்கு இடுப்புல குடம் வைக்கப்பிடாது, தலையிலதான் சுமக்கணும். எங்க பாட்டா காலத்துல அதெல்லாம் போயாச்சு. ஆனாலும் அவரு சில தெரு வந்தா செருப்பக் கழத்திக் கையில எடுத்துகிடுவாராம். நீங்க கழத்துறிய, அது உங்க இஷ்டம். அவரு கழத்துனது அப்பிடி இல்ல, பாத்துகிடுங்க.”

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துகிற உரிமைக்காக, தோள்சீலைக்காக நடந்த போராட்டமும், 1859இல் அதற்குக் கிடைத்த அரச அனுமதியும் எனக்கு முன்பே தெரியும். செருப்பும் குடையும் அதே பட்டியலில் இருந்தன என்பதைப் படித்தும் இருக்கிறேன். ஆனால் எட்டு மாதமாக வெறுங்காலின் சுகத்தைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அப்போது ஒரு தடவையாவது இது நினைவுக்கு வந்ததா? வரவில்லை. வெட்கமாக இருந்தது. என் செருப்பு பையில் பத்திரமாக இருக்கிறது, வேண்டும் என்றால் எடுத்துப் போட்டுக்கொள்வேன். அந்த உறுதியில்தான் என்னால் தரையை ரசிக்க முடிகிறது. ஓட்டல் வாசலில் நேற்று எனக்கு வந்த கோபமும் சின்னதாகிப் போனது.

பாட்டா எழுந்து போகும்போது அவர் காலைப் பார்த்தேன். தோல் செருப்பு, நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டது.

நான்காம் நாள், வெள்ளி: பத்மநாபபுரம், மணவாளக்குறிச்சி

தக்கலையில் இறங்கி பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடந்தேன். 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகிற வரைக்கும் திருவிதாங்கூரின் அரசு இங்கேதான் இருந்தது. இருப்பது தமிழ்நாட்டில் என்றாலும் இன்றைக்கும் பராமரிப்பது கேரள அரசு. வாசலிலேயே எல்லோரும் செருப்பை விட்டுவிட வேண்டும்.

தரையைப் பற்றிச் சொல்கிறேன், மற்றதை வேறு யாராவது சொல்வார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்து எடுத்த கறுப்புத் தரை என்கிறார்கள். நவராத்திரி மண்டபத்தில் தூண்களின் நிழல் அதில் தண்ணீரில் விழுந்த மாதிரி விழுகிறது. காலுக்கு அது கல் இல்லை, சிமென்ட் இல்லை, மரமும் இல்லை. குளிர்ச்சி இருக்கிறது, ஆனால் கல்லைப் போல ஏறி வராது. வழவழப்பு இருக்கிறது, ஆனால் வழுக்காது. உலர்ந்த எருமைக் கொம்பைத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி. அங்கிருந்து மரப்படி ஏறினால் பலகையின் ரேகையெல்லாம் உள்ளங்காலில் தெரிகிறது.

நேற்றைய பாட்டா கூடவே வந்துகொண்டிருந்தார். செருப்பு போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்ற விதி எல்லாம் நடப்பில் இருந்த அரசின் தரை இது. அந்தக் காலத்தில் இந்த வழவழப்பு எத்தனை பேர் காலுக்குக் கிடைத்திருக்கும்? இன்றைக்கு என் முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நூறு பேர், எல்லாச் சாதியும் எல்லா மதமும், நீலச் சீருடையும் வெறுங்காலுமாகப் படபடவென்று ஓடினார்கள். ஆசிரியை “ஓடாதீங்க மக்கா” என்று பின்னாலேயே போனார்.

நாலு மணிக்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரை. இங்கே மணல் கறுப்பு. இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்தது. இந்திய அருமணல் ஆலை இதைத்தான் பிரித்து எடுக்கிறது. அலை இழுத்துவிட்டுப் போகிற இடத்தில் வெள்ளை மணல் ஒரு வரி, கறுப்பு ஒரு வரி, அதன் மேல் கார்னெட்டின் சிவப்பு ஒரு வரி. வெள்ளையில் ஒரு கால், கறுப்பில் ஒரு கால் வைத்து நின்றேன். ஒன்று இளஞ்சூடு, இன்னொன்றில் பத்து எண்ணுவதற்குள் காலை எடுக்க வேண்டியிருந்தது. கனமான மணல் என்பதால் கால் புதைவதும் வேறு மாதிரி.

ஊருக்குள் திரும்புகிற ஒற்றையடிப் பாதையில்தான் முள் ஏறியது. குதிகாலுக்குப் பக்கத்தில், ஆழமாக, கருவேல முள். ஒரு பனை மூட்டில் உட்கார்ந்து முள்வாங்கியை எடுத்தேன். குனிந்தால் தெரியவில்லை. மீன் விற்று முடித்து, காலிக் கடவத்தைத் தலையில் கவிழ்த்தபடி வந்த ஒரு அம்மா நின்றார். “தாருங்க இஞ்ச” என்று வாங்கி, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எருக்கம்பால் வைத்தால் முள் தானே வெளியே வரும், ஆனால் பக்கத்தில் எருக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே முள்வாங்கியின் நுனியால் சுற்றிலும் தோலைக் கிள்ளி, ஒரே இழுப்பு. முள்ளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், முனை உடையாமல் முழுசாக இருந்தது.

அவர் பாதத்தைப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெடிப்பு, அடித்தோல் காய்த்துப் போயிருந்தது. “உங்களுக்குத் தைக்காதா அம்மா?” என்றேன். “தைக்கத்தான் செய்யும். தைக்கும் முன்னே காலு அறிஞ்சிரும், அழுத்தாது” என்றார். 2019இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதையேதான் சொல்கிறது. கென்யாவில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர்களின் பாதத்தை அளந்து பார்த்தார்கள். தோல் தடித்திருந்தது, ஆனால் தரையை உணர்கிற நரம்பின் கூர்மை குறையவில்லை.

ராத்திரி சித்தி முள் இறங்கின இடத்தில் மருந்து வைத்துக் கட்டினாள். நாளைக்கு நடக்க வேண்டாம் என்றாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. படுக்கப் போகும் முன்பு, “முன்சிறைக்கு நானும் வாறேன். காரு பிடிச்சுப் போவோம்” என்றார்.

ஐந்தாம் நாள், சனி: முன்சிறை, திக்குறிச்சி

எழுதும்போது ராத்திரி ஒன்றரை மணி. திக்குறிச்சிக் கோயில் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதுகிறேன்.

சாயங்காலம் முன்சிறை திருமலைக் கோயிலில் காவியும் மஞ்சளுமாகக் கூட்டம். கையில் பனையோலை விசிறி, இடுப்பில் சின்னத் துணிப் பை. காலில் யாருக்கும் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு சிவன் கோயில், கடைசி திருநட்டாலம். எல்லாம் சேர்த்து நூறு கிலோமீட்டர் அளவுக்கு, இன்று ராத்திரியும் நாளைப் பகலுமாக. ஓடுவது சிவனுக்கு, வாயில் சொல்வது “கோவிந்தா, கோபாலா”. பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகம் சிவனைத் தவிர வேறு பெயர் கேட்டால் துரத்துமாம். பீமன் அதன் காதுபட கோவிந்தா கோபாலா என்று கூவிக்கொண்டு ஓடி, அது எட்டிப் பிடிக்கும்போதெல்லாம் ஒரு உருத்திராட்சத்தைக் கீழே போட்டான். அப்படிப் பன்னிரண்டு இடம். திருநட்டாலத்தில் சிவனும் திருமாலும் ஒன்றாகக் காட்சி தந்தார்கள் என்பது கதை.

கட்டு போட்ட காலில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். சரி, கோயிலைத் தாண்டிய பிறகு பார்ப்போம் என்று நடக்க ஆரம்பித்தேன். தார்ச்சாலை இருட்டிய பிறகும் சூட்டை விடவில்லை, மாவு ஆட்டின கல் மாதிரி வெதுவெதுப்பு. ஜல்லி பெயர்ந்த இடத்தில் எல்லோரும் தன்னால் ஓரத்து மண்ணுக்கு இறங்கினார்கள். முன்னால் போகிறவர் கால் தூக்குகிற விதத்தைப் பார்த்தே பின்னால் வருகிறவர் காலை மாற்றுகிறார். ரப்பர் தோட்டத்துப் பக்கம் வந்ததும் காற்றே குளிர்ந்தது. வீட்டு வாசல்களில் பெஞ்சு போட்டு பானகமும் சுக்கு நீரும் கஞ்சியும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்து, வருகிறவர்கள் காலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பாதி வழியில் குதிகால் விட்டு விட்டு வலித்தது. செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திக்குறிச்சி வந்ததும் கழற்றினேன்.

சித்தப்பா கோயிலுக்குக் கீழே ஆற்றங்கரைப் படித்துறையில், மேல் படியில் உட்கார்ந்திருந்தார். எம்.சி.ஆர். செருப்பைக் கழற்றவில்லை. கீழே குழித்துறைத் தாமிரபரணியில் (திருநெல்வேலித் தாமிரபரணி வேறு) ஓட்டக்காரர்கள் முங்கி எழுந்து ஈரத்தோடு கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் “ரோடு எப்படி?” என்றார். சொன்னேன். சூடு, ஜல்லி, ரப்பர் தோட்டத்துக் குளிர், வெந்நீர், ஒன்று விடாமல்.

“தண்ணிக்குள்ள மூணாவது படியில வலது பக்கம் ஒரு குழி உண்டு மக்கா. கட்டைவிரல் சரியா போய் இருக்கும். பதினொரு வருஷமும் அதுலதான் நின்னு முங்கினேன். இருக்காண்ணு பாரு.”

கட்டை அவிழ்த்துவிட்டு இறங்கினேன். முதல் படியில் பாசி. இரண்டாவதில் யாரோ விட்ட பூமாலை காலைச் சுற்றியது. மூன்றாவதில் இடுப்பளவு தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. வலது காலால் மெதுவாகத் துழாவிக்கொண்டே போனேன். மணல் நிரம்பியிருந்தது. விரலால் கிளறினேன், மணல் விலகியது.

“இருக்கு சித்தப்பா” என்று மேலே பார்த்துச் சொன்னேன்.